ட்ரோன் இறக்கை ஆடுகிறதா? பறக்கவிடும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்

சம்பா நெல் தூர் கட்டி நிற்கிறது. இலைச்சுருட்டுப் புழு தென்பட்டதும் வாடகை ட்ரோனுக்குச் சொல்லிவிட்டீர்கள். காலை 7 மணிக்கு வண்டி வரப்போரம் வந்து நிற்கிறது. கைகளை விரித்து, மருந்துக் கரைசலை ஊற்றி, பேட்டரியை மாட்டினால் பத்து நிமிடத்துக்குள் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். அடுத்த வயல்காரரும் காத்திருக்கிறார். இந்த அவசரத்தில் பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு இறக்கையையும் கையால் பிடித்து, ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பாரம் ஏற்றும் முன் சக்கரத்தை இரண்டு கையாலும் அசைத்து, கடையாணி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டைப் பூட்டுவார்கள். வண்டிச் சக்கரம் கழன்றால் பாரம் சாயும். ட்ரோன் இறக்கை கழன்றால் என்ன ஆகும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

50 கிராம் எடையுள்ள இறக்கை ஒன்று. அதன் எடை மையம் மோட்டார் அச்சில் இருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த இறக்கை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை சுமார் 75 கிலோ எடைக்குச் சமம். அதாவது ஒன்றரை மூட்டை சிமென்ட்டை ஒரே ஒரு போல்ட்டில் தொங்கவிட்டதைப் போல. அந்த போல்ட் தளர்ந்தாலோ, அதைச் சுற்றி விரிசல் விட்டாலோ, இறக்கை எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு மோட்டார் ட்ரோனில் ஒன்று நின்றாலே அது தரையில் விழும். ஆறு மோட்டார் ட்ரோனில் ஒன்று நின்றால் சில நேரம் தரையிறக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கழன்ற இறக்கை, வரப்பில் வேடிக்கை பார்க்கும் பிள்ளையின் பக்கம் போனால் எத்தனை மோட்டார் இருந்தும் பயனில்லை.

எல்லா ஆட்டமும் பழுதல்ல

வயலில் ஆளில்லாமல் மருந்து தெளிக்கும் முறை ட்ரோனோடு வந்ததல்ல. ஜப்பானில் யமஹா நிறுவனம் 1987-ல் ஆர்-50 என்ற ரேடியோ மூலம் இயக்கும் ஹெலிகாப்டரையும், 1997-ல் ஆர்மேக்ஸ் என்ற அடுத்த ரகத்தையும் நெல் வயல்களுக்காகக் கொண்டுவந்தது. பெரிய விசிறி ஒன்று மேலே சுழலும் ஹெலிகாப்டர் அது.

இப்படி ரேடியோவால் இயங்கும் ஹெலிகாப்டர்களைப் பராமரிப்பவர்கள் முதலில் கற்கும் பாடம், இயல்பான அசைவு எது, பழுது எது என்று பிரித்தறிவது. பல ரகங்களில் இறக்கைகளைத் தாங்கும் குறுக்குத் தண்டுக்கு இரு பக்கமும் ரப்பர் வளையங்கள் இருக்கும். இறக்கை நுனியை மேலே தூக்கினால் ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். இது பழுதல்ல. ஆனால் திரும்பாமல் தொளதொளவென்று நின்றாலோ, இறக்கைப் பிடி தண்டின் நீளவாக்கில் உள்ளே வெளியே நகர்ந்தாலோ, ரப்பரோ பேரிங்கோ போல்ட்டோ கெட்டிருக்கிறது என்று பொருள்.

நம் ஊர் ட்ரோனுக்கும் இதே விதிதான். மடக்கு இறக்கை பக்கவாட்டில் மடங்கத்தான் வேண்டும். அது அசைகிறதே என்று போல்ட்டை இறுக்கி முறுக்கிவிடக் கூடாது. சுழலும்போது இரண்டு இறக்கைகளும் தாமாக விரிந்து ஒரே நேர்கோட்டுக்கு வர வேண்டும். இறுகிப்போனால் ஒன்று நேராகவும் மற்றது சற்றுக் கோணலாகவும் நின்று, சமநிலை கெட்டு அதிரும். விரலால் மெதுவாகத் தள்ளினால் நகர வேண்டும். ட்ரோனைச் சாய்த்தால் தானாகச் சரியக் கூடாது. இதுவே சரியான பதம்.

எந்த அசைவு இயல்பு என்று சந்தேகம் வந்தால் பக்கத்து மோட்டாரோடு ஒப்பிடுங்கள். எல்லாம் ஒரே அளவு அசைந்தால் பெரும்பாலும் அது அமைப்பின் இயல்பு. ஒன்று மட்டும் கூடுதலாக ஆடினால் அதுதான் பழுது.

நுனியில் தொடங்கி உடல் வரை

முதலில் பேட்டரியைக் கழற்றி அப்பால் வையுங்கள். மின்சாரம் இருக்கும்போது இறக்கை அருகே கை போகவே கூடாது. மருந்துப் படிவு ஒட்டியிருக்கும் என்பதால் கையுறை அணிந்துகொள்ளுங்கள். பிறகு ஒரு கையால் ஒரு பாகத்தை அசையாமல் பிடித்து, மறு கையால் அடுத்த பாகத்தை அசைக்க வேண்டும். இரண்டு கைக்கும் நடுவே உள்ள இணைப்பில்தான் ஆட்டம் தெரியும். பிடிக்கும் இடத்தை ஒவ்வொரு படியாக மாற்றிக்கொண்டே வந்தால் பழுது எங்கே என்று தானாகப் புலப்படும்.

1. இரண்டு இறக்கைகளையும் பிடித்திருக்கும் நடுத்தகட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கை நுனியை மேலும் கீழும் அசையுங்கள். இறக்கையின் அடிப்பகுதி தகட்டுக்குள் ஆடினால், அங்குள்ள வாஷர் தேய்ந்திருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. இறக்கையே வளைந்து கொடுப்பதை ஆட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். வேரில் அசைகிறதா என்று பாருங்கள்.

2. மோட்டாரின் சுழலும் மேல்பகுதியைப் பிடித்துக்கொண்டு நடுத்தகட்டைத் திருகிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகவே நகர வேண்டும். தகடு மட்டும் தனியே நகர்ந்தால் அதை மோட்டாரோடு பிணைக்கும் திருகுகள் தளர்ந்துவிட்டன.

3. மோட்டாரின் அசையாத அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மேல்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். மேலும் கீழுமாக மயிரிழை அசைவு சில மோட்டார்களில் இயல்பு. பக்கவாட்டில் ஆடக் கூடாது. ஆடினால் பேரிங் போய்விட்டது. பிறகு கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் விட்டுவிட்டுப் பிடிப்பது போல் சீராகத் தட்டும், அது பழுதல்ல. நறநறவென்று மணல் அரைப்பது போல் இருந்தால் பேரிங்கில் துருவோ தூசியோ சேர்ந்திருக்கிறது.

4. கைக்குழாயைப் பிடித்துக்கொண்டு மோட்டாரை முழுதாக முறுக்கிப் பாருங்கள். மோட்டாரைத் தாங்கும் கவ்வி குழாயின் மேல் சுழன்றால், மோட்டார் ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

5. கடைசியாக ட்ரோனின் உடலைப் பிடித்துக்கொண்டு கையை அசையுங்கள். மடக்கும் இடத்தில் உள்ள பூட்டு முழுதாக விழுந்திருக்க வேண்டும். தினமும் மடக்கி விரிப்பதால் இந்த மூட்டு விரைவில் தேயும்.

இத்தனையும் முடிந்ததும் பத்தடி தள்ளிக் குனிந்து, இறக்கை மட்டத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். எல்லா மோட்டார்களும் அமைப்பின்படி ஒரே மாதிரி நிற்க வேண்டும். ஒன்று மட்டும் சாய்ந்து தெரிந்தால் நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

பறக்கும்போது தரும் எச்சரிக்கைகள்

கையில் பிடிபடாத ஆட்டம் பறக்கும்போது வெளிப்படும். வழக்கமான ரீங்காரத்தின் நடுவே புதிதாக ஒரு கரகரப்பு கேட்டால் உடனே தரையிறக்குங்கள். பயிருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலே சீராகப் போக வேண்டிய ட்ரோன் ஏறி இறங்கினாலும் கவனம் தேவை. உயரத்தையும் சாய்வையும் கணிக்கும் கருவி அதிர்வினால் குழம்பிப்போவது இதற்குக் காரணமாக இருக்கலாம். ட்ரோன் ஏறி இறங்கினால் ஓரிடத்தில் மருந்து அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் விழும். புழு சாகவில்லை என்று மருந்தின் மேல் பழி போடுவோம். உண்மையில் குற்றம் ஒரு திருகில் இருந்திருக்கும்.

இறங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு மோட்டாரின் அருகிலும் புறங்கையை வைத்துச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அதன் பேரிங்கையும் சாய்வையும் பாருங்கள். மோட்டார்களின் உழைப்பைப் பதிவு செய்யும் வசதி உள்ள ட்ரோனில், வலமாகச் சுழலும் மோட்டார்கள் எல்லாம் ஒரு அளவும் இடமாகச் சுழல்பவை வேறு அளவும் காட்டினால், ஏதோ ஒரு மோட்டார் சாய்ந்து நின்று ட்ரோனைத் திருப்பப் பார்க்கிறது என்று ஊகிக்கலாம்.

முறுக்குவது மட்டும் தீர்வல்ல

தளர்ந்த திருகை மறுபடி இறுக்கினால் அன்றைக்கு நிற்கும். ஏன் தளர்ந்தது என்று பார்க்காவிட்டால் மறுநாளும் தளரும். திருகைக் கழற்றி மரை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால் கையேட்டில் சொன்ன அதே நீளம், அதே ரகத் திருகையே போடுங்கள். நீளம் கூடினால் சில மோட்டார்களில் உள்ளே உள்ள செப்புச் சுருளை அது குத்திவிடும்.

உலோகத்தில் இறங்கும் திருகுக்கு, கையேடு அனுமதித்தால், நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போதும். அதைச் சாதாரணக் கருவியால் பிறகு கழற்றலாம். சிவப்பு நிறப் பசை, சூடாக்கினால்தான் விடும், அது வேண்டாம். பிளாஸ்டிக் பாகத்தில் இந்தப் பசை பட்டால் சில வகைப் பிளாஸ்டிக் விரிசல் விடும், அங்கே பயன்படுத்தாதீர்கள்.

தேய்ந்த வாஷரை மாற்றும்போது ஜோடியின் இரு பக்கமும் மாற்றுங்கள். இறக்கை நுனி உடைந்தாலோ, போல்ட் துளை நீள்வட்டமாகிவிட்டாலோ, வேரில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, பசை போட்டு ஒட்டக் கூடாது. இரண்டு இறக்கைகளையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் எடையில் ஒத்துப்போகாது. பேரிங் போன மோட்டாரைச் சேவை மையத்துக்கு அனுப்புவதே நல்லது.

வேலை முடிந்த அன்றே இறக்கைகளை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த மருந்துத் தூள் ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டியிருந்தால் அதுவே சமநிலையைக் கெடுத்து, நல்ல திருகையும் நாளடைவில் தளர்த்திவிடும். மோட்டாரின் மேல் பம்பு வைத்துத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். பேரிங்கில் உள்ள கிரீஸ் போய்த் துருப் பிடிக்கும்.

ஒரு துளி நகப்பூச்சு

செலவில்லாத வழி ஒன்று உண்டு. சரியாக இறுக்கிய ஒவ்வொரு திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். திருகு கொஞ்சம் திரும்பினாலும் கோடு முறிந்து தெரியும். காலையில் கையால் அசைப்பதற்கு முன்பே கண்ணால் ஒரு சுற்று பார்த்துவிடலாம். நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் ட்ரோன் பெற்ற மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கும், வாடகை மையம் நடத்தும் இளைஞர்களுக்கும் வேளாண் அலுவலர்கள் செயல்விளக்கத்தின்போது இதையும் செய்து காட்டலாம். எந்த மோட்டாரில், எந்தத் தேதியில், எது தளர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ஒரே இடம் மூன்று முறை வந்தால் பழுது திருகில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

வாடகைக்கு எடுப்பவர் கேட்க வேண்டியவை

ட்ரோன் உங்களுடையது இல்லை என்றாலும் வயல் உங்களுடையது. 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி மருந்து தெளிக்கும் ட்ரோனை இயக்குபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடும் தேவை. இரண்டையும் கேளுங்கள். பிறகு, "தம்பி, இறக்கையை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுப்பா" என்று சொல்லுங்கள். நல்ல ஆபரேட்டர் கோபப்பட மாட்டார். பார்க்க நேரமில்லை என்று சொல்பவருக்கு, அன்றைக்கு வேலை கொடுக்காமல் இருப்பதே நல்லது. புழுவுக்கு ஒரு நாள் தாமதமாக மருந்து அடித்தால் இலை கொஞ்சம் போகும். அடுத்த நாள் பிடித்துவிடலாம். கழன்று பறந்த இறக்கையை யாராலும் பிடிக்க முடியாது.

ட்ரோன் மேலே எழும்பும் முன் பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் தள்ளி நிறுத்துங்கள். அசைத்துப் பார்த்த ஐந்து நிமிடம் வீண் அல்ல.