நிரற்பொதிகளைக் கையாளும் நெறி

இணையத்தளம் ஒன்றை ஆக்கப் புகுவோர் அதற்கு வேண்டிய நிரல்கள் யாவற்றையும் தாமே எழுதுதல் அரிது. திகதியைக் கணித்தல், படிவங்களைச் சரிபார்த்தல் முதலிய பணிகளுக்குப் பிறர் முன்னரே எழுதி வழங்கிய நிரற்றொகுதிகள் உள. அத்தகைய தொகுதியைப் பொதி என்பர். வேண்டிய பொதிகளைத் தருவித்து, ஒழுங்குபடுத்தி, காலத்துக்குக் காலம் புதுப்பிப்பது பொதி முகாமைக் கருவியாகும். அவற்றுட் பெருவழக்குடைய என்.பி.எம். என்பதைக் கொண்டு, புதிதாகத் தொடங்குவோர் அறியவேண்டுவனவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜாவாஸ்கிரிப்ற் மொழியை உலாவிக்குப் புறத்தேயும் இயக்கவல்ல நோட் என்னும் அமைப்பு 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்குத் துணையாக ஐசாக் சுலூற்றர் என்பவர் 2010இல் என்.பி.எம். கருவியை வெளியிட்டார். நோட் அமைப்பை நிறுவுங்கால் இதுவும் உடன்வருதலின் இதனைத் தனியே தேடவேண்டுவதில்லை.

முதலிற் பணிக்கெனக் கோப்புறை ஒன்றை அமைத்து, அதனுள் 'இனிற்' என்னும் ஆணையை இடுக. 'பக்கேஜ் ஜேசன்' என்னும் கோப்பு உண்டாகும். பணியின் பெயரும், அதற்கு வேண்டிய பொதிகளின் பெயரும் பதிப்பெண்ணும் பதியப்படும் இடாப்பு இதுவே. பின்னர் 'இன்ஸ்ரோல்' என்னும் ஆணையோடு ஒரு பொதியின் பெயரைச் சேர்த்திடின், அது பொதுக் களஞ்சியத்தினின்று வந்து 'நோட் மொடியூல்ஸ்' என்னும் கோப்புறையில் அமையும். அப்பொதி வேறு பொதிகளை வேண்டுமாயின் அவையும் உடன்வரும். ஆதலின் ஒன்றைக் கேட்டார்க்குப் பல வந்தடைதல் இயல்பு.

பதிப்பெண் மூன்று உறுப்புக்களை உடையது. 4.2.1 என்பதில் ஈற்றெண் பிழைதிருத்தத்தையும், இடையெண் பழையதைக் குலைக்காத புதுவசதியையும், முதலெண் பழையதோடு ஒவ்வாத மாற்றத்தையும் குறிக்கும். இடாப்பிலே இவ்வெண்ணின் முன் கூரைக்குறி நிற்பின், முதலெண் மாறாதவரை பின்வந்த பதிப்பையும் ஏற்கலாம் என்பது பொருள். எனவே ஒரே இடாப்பு இருவேறு நாட்களில் இருவேறு பதிப்புக்களைத் தருதல் கூடும். இக்குறையை நீக்கவே 2017இல் வந்த ஐந்தாம் பதிப்பிற் பூட்டுக்கோப்புச் சேர்க்கப்பட்டது. அது வந்தடைந்த பொதி ஒவ்வொன்றின் பதிப்பையும் திட்டமாகக் குறித்துவைக்கும். 'சி.ஐ.' என்னும் ஆணை அக்குறிப்பின்படியே இம்மியும் மாறாது பொதிகளைத் தருவிக்கும். ஆகவே பணியைப் பிறரிடம் ஒப்படைப்போர் இடாப்பையும் பூட்டுக்கோப்பையும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும். பொதிகள் நிறைந்த கோப்புறையைக் கொடுக்கவேண்டுவதில்லை.

எனினும் பூட்டுக்கோப்புக் காவாத இடமும் ஒன்றுண்டு. சொல்லின் இடப்புறத்தே எழுத்துக்களை நிரப்பி நீளத்தைச் சரிசெய்யும் 'லெஃப்ற்-பாட்' என்னும் பொதி பதினொரு வரியளவினது. 2016 மார்ச்சு மாதத்திற் பெயருரிமை பற்றிய பிணக்கொன்றால் அதன் ஆசிரியர் தம் பொதிகளைக் களஞ்சியத்தினின்று நீக்கினார். அதனைப் பெயரளவிலும் அறியாதிருந்த பலருடைய பணிகள், தாம் கொண்ட வேறு பொதிகள் அதனை வேண்டியமையாற் றடைப்பட்டன. சில மணி நேரத்துள் அப்பொதி மீட்கப்பட்டது. பின்னர்ப் பொதிகளை நீக்கும் விதிகளும் இறுக்கப்பட்டன. பூட்டுக்கோப்புப் பொதியின் பெயரையும் பதிப்பையும் காக்குமேயன்றிப் பொதியையே வைத்திருப்பதன்று.

ஆதலின் ஒரு பொதியைத் தருவிக்குமுன், இது இன்றியமையாததா, இதனைப் பேணுவோர் யாவர், இதனோடு வருவன எவை, இச்சிறு பணியை நாமே எழுதலாகாதா என நான்கு வினாக்களை எழுப்புக. ஆணையிடுதல் ஒரு நாளிற் கைவரும். பிறர் உழைப்பை அளவறிந்து ஏற்கும் பழக்கத்தையே மாணாக்கர் தொடக்கத்திலிருந்து பயில்வாராக.