குறுஞ்செய்தி எழுத்தைக் கெடுக்கிறதா?

செல்பேசியில் சொற்களைச் சுருக்கி எழுதும் பிள்ளைகள் பரீட்சைத் தாளிலும் அப்படியே எழுதிவிடுவார்களோ என்று கவலைப்படும் பெற்றோர் பலர்.

இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயதுவரை உள்ள 88 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். 2009-இல் வெளியான முடிவு பலரையும் வியக்க வைத்தது. குறுஞ்செய்தியில் சுருக்கங்களை அதிகம் பயன்படுத்திய பிள்ளைகள், சொற்களைப் படிப்பதிலும் சொல்வளத்திலும் பின்தங்கவில்லை; மாறாக, முன்னணியில் இருந்தார்கள்.

எப்படி? ஆங்கிலத்தில் 'கிரேட்' என்று எழுத, ஜி, ஆர் என்ற இரண்டு எழுத்துகளோடு 8 என்ற எண்ணைச் சேர்க்கிறார்கள். சொல்லின் ஒலியைப் பிரித்து உணரத் தெரிந்தவருக்கே இது கைவரும். படிக்கக் கற்பதற்கும் அதே ஒலியுணர்வுதான் அடிப்படை.

ஆனால், சுருக்கி எழுதினாலே படிப்பு வந்துவிடும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதே அதன் முடிவு.

எங்கே எப்படி எழுதுவது என்ற தெளிவுதான் மாணவருக்குத் தேவை. நண்பருக்கு அனுப்பிய செய்தியையே தலைமையாசிரியருக்கு எழுதும் விண்ணப்பமாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். திட்டுவதைவிட அது நல்ல பயிற்சி!