காய் பேசாது, குறி பேசும்

"சித்தி! நீங்களே வந்து நியாயம் சொல்லுங்க. அவன் மயங்கிக் கிடக்கிறான். எழுந்து கத்தி வீசுறான்னு இவன் சொல்றான்!"

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. 'மயங்கிக் கிடக்கிறான்' என்ற சொல் காதில் விழுந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். யாருக்கு என்ன ஆயிற்றோ என்ற பதைப்பு எனக்கு.

போய்ப் பார்த்தால், பாயின் மேல் கட்டம் கிழித்த அட்டை ஒன்று. அதைச் சுற்றி நான்கு பையன்கள். அட்டையின் நடுவே கட்டை விரல் உயரத்தில் ஒரு களிமண் பொம்மை, கையில் வாளோடு நின்றுகொண்டிருந்தது. மயங்கிக் கிடந்தவன் அவன்தான்!

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. என் அக்காள் மகனுக்குக் கண் கலங்கியிருந்தது. எதிரே இருந்தவனோ, "இவன் பொய் சொல்றான், டீச்சர்" என்று ஒரே பிடியாக நின்றான். அந்தச் சொல் என்னை முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தச் சண்டை எப்படி வந்தது என்று பார்ப்போம்.

அது என்ன விளையாட்டு?

வாசகர்களே, கோலாசிலாங்கூர், ரவாங் பக்கத்து இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரை நீங்களும் கேட்டிருக்கலாம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் வெளியிட்ட விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் ஏற்பார்கள். நம் ஊர்த் தெருக்கூத்தில் வேடம் கட்டுவது போலத்தான். ஆனால் இங்கே உட்கார்ந்த இடத்திலேயே வாயால் கூத்து. யார் எங்கே நிற்கிறார் என்று காட்டத்தான் அந்தப் பொம்மைகள். அடி விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வீரனுக்குப் பலவித 'நிலைகள்' வரும். 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் பதினைந்து நிலைகளை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். கண் தெரியாமை, காது கேளாமை, பயம், விஷம், மயக்கம், கல்லாகிப் போதல், களைப்பு என்று போகிறது அந்தப் பட்டியல். களைப்பில் மட்டும் ஆறு படிகள் உண்டு. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு விளைவு. விஷம் ஏறியவன் அடிக்கும்போது பகடையை இரண்டு முறை உருட்டி, குறைந்த எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே விழுந்து கிடப்பவன் எழுந்திருக்க, அந்த முறைக்கு உரிய நடையில் பாதியைச் செலவழிக்க வேண்டும். ஆறு கட்டம் நடக்கக்கூடியவனுக்கு மூன்று கட்டம் போய்விடும். அவனைப் பக்கத்தில் நின்று அடிப்பது எளிது. தூரத்திலிருந்து அம்பு விட்டால் படுவது கடினம்.

பொம்மைக்கு இதெல்லாம் தெரியுமா? விஷம் குடித்தாலும் அதன் முகம் வாடாது. மயங்கினாலும் கண் மூடாது. நான்கு வீரர், ஆறு அரக்கர் என்று அட்டை நிறைந்துவிட்டால், யாருக்கு எந்த நிலை, அது எப்போது தீரும் என்பதை எத்தனை பேர் மனத்தில் வைத்திருக்க முடியும்?

அன்று நடந்ததும் அதுதான். மயங்கிய வீரனைப் பையன்கள் சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். நடுவில் யாரோ மைலோ எடுக்கக் கை நீட்ட, முழங்கை இடித்து இரண்டு மூன்று பொம்மைகள் சரிந்தன. நல்ல பிள்ளை ஒருவன் எல்லாவற்றையும் எடுத்து நேராக நிறுத்திவிட்டான். மயங்கியவனும் சேர்ந்து எழுந்துவிட்டான்! ஒருவனும் பொய் சொல்லவில்லை. இருவரும் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

நம் பலகைகளில் இல்லாததா?

காயின் நிலையைக் குறித்து வைக்கும் வேலை நமக்குப் புதிதல்ல. கோலாசிலாங்கூர்ப் பட்டணத்துக் காப்பிக்கடை ஓரத்தில் சோடா மூடிகளை வைத்து 'டாம்' ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மூடியைக் கவிழ்த்து வைப்பார். மற்றவர் மல்லாத்தி வைப்பார். எது யார் காய் என்று பார்த்த உடனே தெரியும். எதிர்க்கரையைத் தொட்ட காய்க்கு 'ஹாஜி' என்று பட்டம். அதன் தலையில் இன்னொரு மூடியை ஏற்றிவிடுவார்கள். கடைசியில் வந்து எட்டிப் பார்ப்பவருக்கும் எது சாதாரணக் காய், எது ஹாஜி என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

மலாய் அண்டைவீட்டாரின் சொங்காக் பலகையில், தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் நிரப்ப முடியாமல் விட்ட குழியை 'எரிந்த வீடு' என்பார்கள். அதில் யாரும் காய் போடக்கூடாது. நம் பல்லாங்குழியிலும் இதே கதைதான். குழிக்கு ஐந்தாகப் பதினான்கு குழிக்கும் எழுபது முத்து. தோற்றவர் கையில் இருப்பதைக் கொண்டு ஐந்தைந்தாக நிரப்பிக்கொண்டு வருவார். நிரம்பாத குழி ஆட்டத்தில் சேராது. என் பாட்டி அந்தக் குழியின் குறுக்கே ஒரு தென்னை ஈர்க்கை ஒடித்து வைப்பார். பலகை இல்லாத நாளில் மண்ணில் குழி தோண்டி ரப்பர் கொட்டையில் ஆடினாலும் ஈர்க்கு வைக்க மறக்கமாட்டார்.

ஆடுபுலி ஆட்டத்தில் மட்டும் குறி தேவைப்படுவதில்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி அடைபட்டுவிட்டதா என்பது அது நிற்கும் இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. நிற்கும் இடமே சொல்லிவிடும் நிலைக்குக் குறி வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத நிலைக்குத்தான் குறி வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத நிலை நம் தாயத்திலும் உண்டு. தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். சுற்றி வந்து உள்ளே போனால் பழம். ஆனால் பல வீடுகளில் ஒரு விதி உண்டு. எதிராளியின் காயை ஒரு முறையாவது வெட்டியவர்தான் உள்சுற்றுக்குள் நுழையலாம். வெட்டுப்பட்ட காய் வெளியே போய், மறுபடியும் தாயம் விழுந்து இறங்கிவிடும். 'இவர் வெட்டியவர்' என்பதற்குப் பலகையில் எந்த அடையாளமும் மிஞ்சாது. எல்லாம் ஞாபகம்தான்.

ஒரு வெட்டால் போன உறவு

இப்போது அந்தப் பழைய கதைக்கு வருகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பெஸ்தாரி ஜெயா பக்கத்து ரப்பர்த் தோட்டம். அந்நாளில் அந்த ஊரைப் பத்தாங் பெர்ஜுந்தை என்பார்கள். எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு மாமாவும் என் அப்பாவும் ஒரே பெரட்டில் நின்று, அடுத்தடுத்த நிரையில் பால்மரம் வெட்டியவர்கள். சம்பளம் வாங்கிய மறுநாள் மாலை இரண்டு குடும்பமும் வாசலில் சாக்கட்டியால் தாயம் கிழிக்கும். அம்மாவும் அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவார்கள்.

ஒரு தீபாவளிக்கு முந்திய இரவு. ஆட்டம் நீண்டு பத்து மணியைத் தாண்டிவிட்டது. மாமா தம் காயை உள்ளே நகர்த்தினார். "நீ இன்னும் வெட்டலியே" என்றார் அப்பா. "ஆரம்பத்திலேயே வெட்டிட்டேனே, மச்சான்" என்றார் மாமா. யார் சொல்வது சரி? நாங்கள் பிள்ளைகள் மத்தாப்பு நினைப்பில் இருந்தோம். பெண்கள் கண் பூவில் இருந்தது. பேச்சு தடித்தது. அப்பா வாயிலிருந்து 'பொய்யன்' என்ற சொல் விழுந்தது. மாமா ஒன்றும் பேசாமல் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் அந்த வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு முறுக்கு வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்தும் போகவில்லை. ஒரே வரிசையில் நின்று பெரட்டுக்குப் பேர் கொடுத்தவர்கள் முகம் பார்க்காமல் நின்றார்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது, மாமா குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. லாரியில் சாமான் ஏறுவதை அப்பா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெகு காலம் கழித்து, அப்பா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "அன்னைக்கு அவன் வெட்டியிருப்பானோ, ஆயா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். "வெட்டித்தான் இருப்பான்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஒரு பொத்தான், ஓர் உடைந்த வளையல் துண்டு மாமாவின் முன்னால் இருந்திருந்தால் போதும்.

குறி வைப்பது எப்படி?

அன்று மாலை பையன்களிடம் தீர்ப்பு எதுவும் நான் சொல்லவில்லை. காலித் தண்ணீர்ப் போத்தல்களைக் கொண்டுவரச் சொன்னேன். மூடியைத் திருகினால் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் தங்கிவிடுமே, அதை எடுத்தோம். உலகெங்கும் இந்த விளையாட்டை ஆடுபவர்கள் செய்வதும் இதுதான். காசு கொடுத்தால் வண்ண வளையங்கள் கடையில் கிடைக்கும். நமக்குக் குப்பைத்தொட்டியே போதும். பொம்மையின் தலைவழியே வளையத்தை மாட்டினால் காலடியில் கிடக்கும். பெரிய பொம்மைக்குக் கம்பளி நூலோ துணிக்கிளிப்போ போதும். அன்று நாங்கள் வகுத்துக்கொண்ட முறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, குறி காயோடு போக வேண்டும். காய் நகரும்போது குறி பின்தங்கிவிட்டால், இல்லாதவன் தலையில் நோய் ஏறிவிடும். சாய்த்துப் படுக்க வைப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஓர் இடியில் எல்லாம் மாறிவிடும்.

இரண்டாவது, நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. சிவப்பு மயக்கம், பச்சை விஷம் என்று வைத்தோம். ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் உண்டு. பலர் அதை வெளியே சொல்வதுமில்லை. ஆகவே விஷ வளையத்தில் ஒரு நூல் முடிச்சுப் போட்டோம். கண்ணால் தெரியாதவனுக்குக் கை சொல்லும். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பதையும் ஒரு தாளில் எழுதி எல்லாரும் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, எப்போது தீரும் என்பதும் குறியில் இருக்க வேண்டும். மூன்று சுற்றுக்குப் பயம் என்றால், பொம்மையின் பக்கத்தில் மூன்று புளியங்கொட்டை. ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை எடுத்துவிட வேண்டும்.

நான்காவதுதான் முக்கியமானது. குறியை வைப்பது எல்லாருக்கும் நினைவிருக்கும், எடுப்பதுதான் மறந்துபோகும். நோய் தீர்ந்தவன் கழுத்தில் வளையம் கிடந்தால் அதுவும் அநியாயம்தானே? ஆகையால் ஒருவனுடைய முறை முடியும்போது அவனே தன் பொம்மையைப் பார்த்து, "விஷம் தீர்ந்தது, எடுக்கிறேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, ஒரு பொம்மைக்கு மூன்று வளையத்துக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் போனால் யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். மிச்சத்தைத் தாளில் எழுதிக்கொள்ளலாம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வளையமும் கொட்டையும் கைக்குழந்தையின் வாய்க்குப் போகக்கூடியவை. ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

எங்கள் பள்ளியிலும் பாரம்பரிய விளையாட்டு நேரத்தில் தாயம் ஆடுகிறோம். வெட்டியவன் உடனே ஒரு பழைய சட்டைப் பொத்தானைத் தன் முன்னால் வைக்க வேண்டும் என்பது என் வகுப்பு விதி. சண்டை அடியோடு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் பிள்ளைகள்தானே! ஆனால் 'நீ வெட்டலை' என்ற சண்டை இப்போது இல்லை. தோற்றவன்கூடப் பொத்தானைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறான்.

அன்று மாலை மயங்கிய வீரனுக்குச் சிவப்பு வளையம் மாட்டி, ஆட்டத்தை ஒரு சுற்றுப் பின்னால் தள்ளி மறுபடியும் தொடங்கினார்கள். 'பொய் சொல்றான்' என்ற பையனே வளையத்தை மாட்டினான். என் குழம்பு அடிப்பிடித்துப் போயிருந்தது. நால்வரும் அதையே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனார்கள்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் தாயக்கட்டை எங்காவது பரணில் கிடக்கும். வரும் விடுமுறையில் எடுத்துத் துடையுங்கள். அடுத்த வீட்டாரையும் கூப்பிடுங்கள். கட்டத்தைக் கிழித்ததும், முதல் காய் இறங்குவதற்கு முன்பே, ஆளுக்கொரு பொத்தானைக் கையில் கொடுத்துவிடுங்கள்.