வாங்க, உடுப்பு அறைக்குள் நுழைவோம்!

செருப்பை வெளியே விட்டுட்டு மெல்ல வாங்க, தரையெல்லாம் குண்டூசி! சிம்பாங் அம்பாட்டில் ஒரு வரிசை வீடு. முன்கூடத்தில் சோபாவைக் காணோம். சுவருக்குச் சுவர் கம்பி கட்டிச் சட்டைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மூலையில் தையல் மெஷின், அதன்மேல் பாதி தின்ற நாசி லெமாக் பொட்டலம். ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ப் படம் ஒன்றுக்கான உடுப்புகள் இங்கேதான் உயிர் பெறுகின்றன. படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். பார்த்ததைச் சொல்லத் தடையில்லையே!

உடையலங்காரம் செய்யும் அக்கா, ஒரு புத்தம்புதுக் காக்கிச் சட்டையை உப்புத்தாளால் தேய்தேயென்று தேய்க்கிறார். பதறிப்போய்க் கேட்டால் சிரிக்கிறார். “இவரு இருபது வருசமா பால் வெட்டுறவரு தம்பி. நேத்து வாங்கின சட்டையோட வந்து நின்னா யாரு நம்புவா?” கழுத்துப்பட்டையைவிட வலது தோள்தான் அதிகம் தேய்கிறது. கம்பில் வாளி கோத்துச் சுமந்த தோளாம் அது! வசனம் வருவதற்கு முன்னாலேயே அந்த மனிதரின் இருபது வருடமும் துணியில் ஏறிவிட்டது.

பின்கட்டுக்கு வாங்க. அண்டாவில் தேயிலைச் சாயம் கொதிக்கிறது. வெள்ளை வேட்டிகள் அதில் முங்கிப் பழசாகி எழுகின்றன. லைட் பாய் ஒருவர் தே ஓ என்று நினைத்து ஒரு குவளை மொண்டே விட்டாராம்! பக்கத்து வாளியில் நிஜ ரப்பர் பால். விரலால் தொட்டுச் சட்டையில் சுண்டுகிறார்கள். காய்ந்தால் பழுப்பாகிவிடும், எத்தனை துவைத்தாலும் போகாது. அதனால் ஒவ்வொரு சொட்டையும் போட்டோ எடுத்துச் சுவரில் ஒட்டுகிறார்கள். அடுத்த காட்சியில் கறை இடம் மாறினால் தொலைந்தது!

இதோ, கதாநாயகி வருகிறார். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துணி, இடுப்பில் கொசுவர்த்தி. ஒருகாலத்தில் பால் வெட்டிய பாட்டி ஒருவரை இதற்கென்றே அழைத்து வந்திருக்கிறார்கள். ஏற இறங்கப் பார்த்தவர், சட்டென்று எழுந்து தலைத்துணியை அவிழ்த்துத் தானே இறுக்கிக் கட்டுகிறார். “இப்படிக் கட்டினாத்தான் குனியறப்ப கண்ணுல விழாது, கண்ணு.” கட்டி முடித்த நொடியில் அந்தப் பெண்ணின் நடை மாறிவிட்டது. நம்புங்கள், அத்தனை பேருக்கும் புல்லரித்தது!

எதிர்க் கம்பியில் ஒரே ஒரு வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். அது தோட்டத்துக் கணக்கரான கிராணியுடையது. விடியற்காலைப் பெரட்டில் எல்லோரும் வரிசையாக நிற்கும்போது, யார் அதட்டுவார், யார் தலைகுனிவார் என்பதைத் துணியே சொல்லிவிடும்.

அக்காவின் மேசைக்கு மேலே கோட் போட்ட ரஜினியின் படம். மலேசியாவில் எடுத்த ‘பில்லா’ (2007), ‘கபாலி’ (2016) இரண்டுக்கும் உடை வடிவமைத்தவர் அனு வர்தன். ‘பில்லா’வில் அஜித்தின் கறுப்புக் கோட் நிழலுலக மிடுக்கைச் சொன்னது. கபாலியின் கோட், தோட்டத் தொழிலாளர்களில் ஒருவன் நிமிர்ந்து நின்றதைச் சொன்னது. “கோட் கோட்தான். யாரு போடுறா, எதுக்குப் போடுறாங்கிறதுலதான் கதையே இருக்கு,” என்கிறார் அக்கா. நம் ஊர்ப் படமான சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமான பெருமையையும் சொல்லிப் பூரிக்கிறார்.

வெயில் ஏற ஏற அறை வேகிறது. நடிகரின் நிஜ வியர்வையை ஒரு தம்பி ஹேர் டிரையரால் உலர்த்த, இன்னொரு தம்பி தண்ணீர் தெளித்துப் பொய் வியர்வை வைக்கிறார். முந்தைய ஷாட்டில் ஈரம் முதுகில்தானே இருந்தது, அக்குளில் எப்படி வரும்? இருவரும் தொப்பலாக நனைந்திருக்கிறார்கள். அவர்களைத் துடைக்கத்தான் ஆளில்லை!

இவ்வளவு உழைப்பும் எதனால் தெரியுமா? அசல் உடுப்பு கிடைப்பதில்லை. பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் மூட்டை மூட்டையாகக் கிளறியும் பலன் குறைவு. கல்யாணப் பட்டைப் பெட்டியில் பூட்டி வைத்த நாம், வேலைச் சட்டையைக் கரித்துணியாக்கிவிட்டோம். உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டியின் தோட்டத்து உடுப்பு ஒன்றாவது மிஞ்சியிருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். யார் போட்டது, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று ஒரு சீட்டு எழுதி அதனுடன் வையுங்கள். நம் கதையை நாளை படமெடுக்கப் போகிறவர்கள் அதைத் தேடித்தான் வருவார்கள்.