மூச்சுக்கு இட்ட திரை

1910ஆம் ஆண்டின் இறுதியில் வடகிழக்குச் சீனத்தின் மஞ்சூரியாவில் பரவிய பிளேக், அன்றைய மருத்துவ உலகம் கற்றிருந்த பாடத்துக்குள் அடங்கவில்லை. எலியின் உடலில் ஒட்டி வாழும் தெள்ளுப்பூச்சி மனிதரைக் கடிப்பதால் அந்நோய் தொற்றுகிறது என்பதே பாடம். ஹார்பின் நகரிலோ நோயாளிகள் இருமி, இரத்தம் உமிழ்ந்து, ஓரிரு நாள்களில் மடிந்தனர். எலிகளைப் பிடித்து ஆராய்ந்தனர். அவற்றில் கிருமி இல்லை.

சீன அரசு அங்கே அனுப்பிய மருத்துவர் வூ லியென் தே, 1879இல் பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர். (நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து சென்று குடியேறிய அதே பினாங்குதான்.) இறந்துபோன பெண் ஒருவரின் உடலைச் சோதித்த அவர், பிளேக் கிருமியை நுரையீரலிலேயே கண்டார். இந்நோய்க்கு எலியும் வேண்டாம், தெள்ளும் வேண்டாம்; மனிதனின் மூச்சே போதும் என்ற முடிவுக்கு வந்தார். மெல்லிய காஸ் துணி மடிப்புகளுக்கிடையே பஞ்சை வைத்து, தலைக்குப் பின்னால் முடிந்துகொள்ளும் கவசம் ஒன்றை வகுத்தார். செலவு மிகக் குறைவு, எவரும் தைத்துவிடலாம்.

வயதிலும் அனுபவத்திலும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி இம்முடிவை ஏற்கவில்லை. இளைஞரான ஓர் ஆசிய மருத்துவர் தமக்குப் பாடம் சொல்வதா என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. 1911 ஜனவரியில் கவசமின்றியே நோயாளிகளைப் பார்த்தார். சில நாள்களில் அதே நோயால் இறந்தார். அதன்பின் ஹார்பின் வீதிகளில் முகத்தை மூடாதோரைக் காண்பது அரிதாயிற்று. ஏறத்தாழ 60,000 உயிர்களைப் பறித்த அக்கொள்ளைநோய் அடங்கியது கவசத்தால் மட்டுமன்று. நோயாளிகளைப் பிரித்து வைத்ததும், பயணத்தைத் தடுத்ததும், புதைக்க வழியின்றி உறைந்து கிடந்த சடலங்களை எரித்ததும் சேர்ந்தே அதைச் சாதித்தன.

ஒரு துணி எப்படித் தடுக்கிறது? பேசும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து வெளிப்படும் ஈரத்துளிகள் அக்கணத்தில் சற்றுப் பெரியவை. காற்றில் கலந்த சிறிது நேரத்திலேயே அவற்றின் நீர் வற்றி, நுண்துகள்களாகச் சுருங்கி மிதக்கத் தொடங்குகின்றன. பெரிதாக இருக்கும் நிலையில், அதாவது புறப்படும் வாயிலேயே தடுப்பது எளிது. சுருங்கிய பின் பிறர் மூக்கருகே தடுப்பது கடினம். எனவே எளிய துணிக்கவசம் அணிந்தவரைக் காப்பதைவிட அவர் எதிரே நிற்பவரையே கூடுதலாகக் காக்கிறது. அணிந்தவரையும் காக்க வேண்டுமானால், மின்னேற்றம் பெற்ற நுண்ணிழைகளால் ஆகி, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 போன்றவை தேவை. மூக்கருகே இடைவெளி விட்டால் அதனாலும் பெரும்பயன் இல்லை.

மஞ்சூரியாவில் நோயாளி யாரென்று இருமலே காட்டிக்கொடுத்தது. 2020இல் பரவிய கொரோனாவோ, அறிகுறி தோன்றுமுன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவியது. தாம் நோயாளியா என்பதைத் தாமே அறியாத நிலையில், எல்லாரும் அணிந்தாலொழிய எவருக்கும் முழுப்பயன் இல்லை. தொடக்கத்தில் தயங்கிய உலக சுகாதார நிறுவனம், நோய் பரவும் இடங்களில் பொதுமக்களும் அணிய வேண்டுமென 2020 ஜூன் 5இல் அறிவுறுத்தியது.

அப்போது பள்ளிவாசல்களிலும் வினா எழுந்தது. வாயை மூடிக்கொண்டு தொழுவது மக்ரூஹ் என்பது ஃபிக்ஹ் நூல்களின் பொதுக்கருத்து. ஆயினும் தேவை ஏற்படும்போது அவ்வெறுப்பு நீங்கும் என்ற அடிப்படையில் உலமாக்கள் பலர் அதனை அனுமதித்தனர். தும்மும்போது நபி (ஸல்) அவர்கள் கையாலோ ஆடையாலோ முகத்தை மறைத்துக்கொள்வார்கள் என்னும் ஹதீஸும் அப்போது பலமுறை நினைவுகூரப்பட்டது.

2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை வங்காளதேசத்தில் 600 கிராமங்களில், 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடையே பெரும் ஆய்வொன்று நடந்தது. பாதிக் கிராமங்களில் கவசங்களை இலவசமாகக் கொடுத்து, சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் நினைவூட்டினர். ஒழுங்காக அணிவோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாயினர். அறிகுறியுடன் கூடிய தொற்று சுமார் 9 விழுக்காடு குறைந்தது. அறுவைக்கவசம் வழங்கிய கிராமங்களில் 60 வயதைக் கடந்தோரிடையே அது 35 விழுக்காடு குறைந்தது; துணிக்கவசத்துக்கு அத்தகைய உறுதியான சான்று கிடைக்கவில்லை. இந்த 9 அற்பம் என்று விமர்சித்தவர்கள் உண்டு. ஆனால் அது கவசம் அணிந்தவரையும் அணியாதவரையும் பிரித்து அளந்த கணக்கன்று. பத்தில் ஆறு பேர் அப்போதும் முகத்தை மூடாதிருந்த ஊர்களின் கணக்கு.