பழைய கார்: விலையும் செலவும்

நம் தாணே அன்பர்களில் பலர் இப்போது பழைய கார் வாங்குகிறார்கள். வயதான பெற்றோரை டாக்டரிடம் அழைத்துச் செல்லவும், மாட்டுங்கா கோயில்களுக்குப் போய்வரவும், கோடை விடுமுறையில் ஊருக்குப் போகவும் ஒரு வண்டி இருந்தால் சௌகரியம். டிக்கி பெரியதாக இருப்பதால் பலரும் செடான் காரையே விரும்புகிறார்கள். "ஒன்றரை லட்சத்துக்குக் கிடைத்தது" என்று மகிழ்பவர்கள், முதல் ஆண்டில் ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவதில்லை. அந்தக் கணக்கைச் சொல்லவே இக்கட்டுரை.

2008-ல் வெளிவந்த முதல் தலைமுறை மாருதி டிசையர் பெட்ரோல் காரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கீழே தரும் தொகைகள் வெளி மெக்கானிக்கிடம் கூலியும் சேர்த்து ஆகும் தோராயச் செலவு. கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் இன்னும் கூடும். வேறு காராக இருந்தால் தொகை மாறும்; பழுதுகள் பெரும்பாலும் இவையே.

ரயில்வேயில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. 1915-ல் தொடங்கிய மாட்டுங்கா பணிமனைக்கு ரயில் பெட்டிகள் பழுதாகி நின்ற பிறகுதான் வரும் என்பதில்லை. குறித்த காலத்தில் வரும். தேய்ந்த பாகங்களை மாற்றித் திருப்பி அனுப்புவார்கள். காருக்கும் அதுவே நல்லது. பெரிய ரிப்பேர்களில் பல, சிறிய ரிப்பேரைத் தள்ளிப் போட்டதால் வருபவை.

இன்ஜின் சூடு

கூலன்ட்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகள் நிறைய உண்டு. உள்ளே துரு பிடிக்கும், உப்பு படியும். ரப்பர் ஹோஸ்களும் வயதாகி வெடிக்கும். கூலன்ட், ஹோஸ், தெர்மோஸ்டாட் மாற்ற 3,000 முதல் 4,000 ரூபாய். வாட்டர் பம்பும் மாற்றினால் இன்னும் 3,000. இதைச் செய்யாமல் ஊருக்குக் கிளம்பினால், புனே தாண்டி கம்பாட்கி கணவாய் ஏறும்போது குடும்பத்தோடு நடுவழியில் நிற்க நேரும். சூட்டில் சிலிண்டர் ஹெட் வளைந்து ஹெட் கேஸ்கெட் போனால் 15,000 முதல் 20,000. அதற்கு மேலும் ஓட்டினால் இன்ஜினையே பிரிக்க வேண்டும், 50,000-க்குக் குறையாது.

வாங்குமுன், இன்ஜின் ஆறியிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உட்புறம் பால் காப்பி நிறத்தில் பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

2010 வரை வந்த 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினில் டைமிங் பெல்ட் உண்டு. பிறகு வந்த 1.2 லிட்டர் இன்ஜினில் செயின். பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று பழைய சொந்தக்காரருக்குத் தெரியாவிட்டால் உடனே மாற்றிவிடுங்கள். ஏறக்குறைய 4,000 ரூபாய். ஓடும்போது அறுந்தால் வண்டி அங்கேயே நிற்கும்.

கிளட்ச்

கோட்பந்தர் ரோடு நெரிசலில் கிளட்ச்சுக்கு ஓய்வே கிடையாது. மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். 6,000 முதல் 9,000 ஆகும். ஒன்றை விட்டுவைத்தால் அதற்காக மறுபடியும் கியர் பாக்ஸை இறக்கும் கூலி கொடுக்க வேண்டிவரும்.

சஸ்பென்ஷன், பிரேக், டயர்

மழைக்காலப் பள்ளங்களில் முன்சக்கரப் பக்கம் 'கடகட' என்று சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 5,000 முதல் 8,000 வரை ஆகும். கவனிக்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். நான்கு டயர் 16,000-க்கு மேல். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் இறுகி வெடிப்பு விடும். முன் பிரேக் பேட் 2,000 ரூபாய். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஏ.சி.

ஏ.சி. கேஸ், பெட்ரோல் போல் செலவாகிற பொருளல்ல. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கோடையிலும் 2,000 கொடுத்து கேஸ் ஏற்றுவதைவிடக் கசிவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டென்சர் மாற்ற 7,000 முதல் 9,000. கம்ப்ரஸர் போனால் 20,000 வரை போகலாம்.

மழைநீர்

2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியதை நம்மவர்கள் மறக்க மாட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கிய கார்களைத் துடைத்து விற்பவர்கள் உண்டு. சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை காட்டிக்கொடுக்கும். சீட்டின் அடிக்கம்பிகளில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி தண்ணீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் நுழைந்த தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ஆர்.சி. புத்தகம்

சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் ஆர்.டி.ஓ.வில் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் இதற்கான கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கினார்கள். மகாராஷ்டிராவில் சுற்றுச்சூழல் வரியும் தனியாக உண்டு. 14 வயதுக் காரைப் பேரம் பேசும்போது இவற்றையும் கணக்கில் சேருங்கள்.

ஆக, எவ்வளவு?

சூடு சம்பந்தமான வேலை 7,000, பெல்ட் 4,000, பிரேக் 3,000, சஸ்பென்ஷன் 8,000, கிளட்ச் 8,000, டயர் 18,000. மொத்தம் 48,000. ஒன்றரை லட்சத்து வண்டி உண்மையில் இரண்டு லட்சத்து வண்டி! எல்லாம் ஒரே மாதத்தில் வராது என்றாலும் பணத்தை எடுத்துவைத்துக்கொண்டு வாங்குவதே புத்திசாலித்தனம். முதலில் பிரேக், டயர், இன்ஜின் சூடு, பிறகு கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. அதற்கடுத்து. பெயின்ட், சீட் கவர், பாட்டுப் பெட்டி எல்லாம் கடைசி.

விற்பவருக்கு வேண்டிய மெக்கானிக்கை நம்பாமல், ஆயிரம் ரூபாய் கொடுத்தாவது உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று காட்டுங்கள். அவர் எழுதித் தரும் பட்டியல் பேரத்துக்கும் உதவும். வாங்கிய பிறகு எந்தப் பாகம் எந்தத் தேதியில், எத்தனை கி.மீ.யில் மாறியது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்த செலவு எப்போது என்று அந்த நோட்டே சொல்லும்.