மலைக்குப் போகும் மாதங்கள்

திருப்பதி என்றதும் எல்லோருக்கும் கோவில்தான் நினைவுக்கு வரும். மொட்டை போட்டோம், சாமி பார்த்தோம், லட்டு வாங்கினோம், ஊர் திரும்பினோம். இது வெளியூர்க்காரர்களின் கணக்கு. அந்தப் பக்கத்திலேயே வாழும் மக்களுக்கு மலை அத்தோடு முடிவதில்லை. அருவிக்குப் போக ஒரு மாதம். சுனையில் குளிக்க ஒரு மாதம். மாங்காய் பறிக்க ஒரு மாதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. காலம் தப்பிப் போனால் கொண்டாட்டம் ஆபத்தாகிவிடும்.

இந்த மலைக்குச் சேஷாசலம் என்று பெயர். இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருப்பதியிலிருந்து கடப்பைப் பக்கம் வரை நீண்டு கிடக்கிறது. முன்பு திருப்பதி, சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் அது தனி மாவட்டம். நகரி, புத்தூர், சித்தூர் பக்கம் போனால் தமிழும் தெலுங்கும் கலந்தே காதில் விழும்.

மழை வந்தால் அருவி வரும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே நல்ல மழை பெய்யும். திருப்பதி ஊருக்குள்ளேயே, மலை அடிவாரத்தில், கபில தீர்த்தம் இருக்கிறது. மழைக்காலத்தில் மலை உச்சியிலிருந்து தண்ணீர் கோவில் குளத்திலேயே வந்து கொட்டும். கார்த்திகை மாதத்தில் குடும்பம் குடும்பமாக வந்து குளிப்பார்கள்.

காட்டுக்குள் இருக்கும் அருவிகளின் பெயர்கள் பெரும்பாலும் ‘கோனா’ என்று முடியும். தெலுங்கில் கோனா என்றால் மலை இடுக்கு. தலக்கோனா, கைலாசகோனா, சதாசிவகோனா என்று பல உண்டு. தலக்கோனா அருவி சுமார் 270 அடி உயரம். ஆந்திர மாநிலத்திலேயே உயரமான அருவி அதுதான். கைலாசகோனா சிறியது. புத்தூரிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் எளிதாகப் போகலாம். அதனால் தமிழ்நாட்டு மக்களும் அங்கே நிறைய வருகிறார்கள்.

அருவியில் குளிப்பதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த மலையில் பாறை அதிகம். மண் குறைவு. மண் இருந்தால் மழைத் தண்ணீரை உறிஞ்சும். பாறை உறிஞ்சாது. மேலே பெய்த மழை அப்படியே வழிந்து கீழே ஓடி வரும். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். ஆனால் உச்சியில் மழை பெய்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் வெள்ளம் வந்துவிடும்.

வெள்ளம் வருவதற்கு முன் சில அடையாளங்கள் தெரியும். தெளிந்த தண்ணீர் கலங்கும். சருகும் குச்சியும் மிதந்து வரும். இரைச்சல் கூடும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். துணி, பாத்திரம் எடுக்க நிற்கக் கூடாது.

2021 நவம்பரில் திருப்பதியில் பெருமழை பெய்தது. பாறைகள் உருண்டன. மலைக்கு ஏறும் இரண்டு நடைபாதைகளையும் மூடினார்கள். சந்திரகிரிப் பக்கத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை மிகவும் சேதமானது. 2022 மே மாதம்தான் அதை மீண்டும் திறந்தார்கள். சில மணி நேர மழை செய்த சேதத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆனது.

மழை விட்ட உடனேயும் அருவிக்கு அவசரப்பட வேண்டாம். பாறையில் பாசி படிந்திருக்கும். கால் வழுக்கும். அருவிக்குக் கீழே உள்ள மடுவின் ஆழம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. குடித்துவிட்டு மடுவில் குதிப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று பௌர்ணமிகள்

தை மாதம் பிறந்ததும் முதலில் மாட்டுப் பொங்கல். இங்கே அதைக் கனுமு என்பார்கள். சந்திரகிரி அருகே உள்ள ரங்கம்பேட்டை போன்ற ஊர்களில் மாடுகளின் கொம்பில் பலகை கட்டி ஓட விடுவார்கள். இளைஞர்கள் அதைப் பிடுங்கப் பாய்வார்கள். பெண்களும் பிள்ளைகளும் வீட்டு மாடியிலிருந்து பார்ப்பார்கள். பார்ப்பதற்கு மாடிதான் நல்ல இடம்.

அதன் பிறகு மலைச் சுனைகளின் காலம். திருமலைக் காட்டுக்குள் பல தீர்த்தங்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்றுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பெரிய கூட்டம் போகும். தை மாதப் பௌர்ணமிக்கு ராமகிருஷ்ண தீர்த்தம். மாசிப் பௌர்ணமிக்குக் குமாரதாரா தீர்த்தம். பங்குனிப் பௌர்ணமிக்குத் தும்புரு தீர்த்தம். இந்த நாளை முக்கோடி என்று சொல்வார்கள். அன்று அந்தச் சுனையில் எல்லாத் தீர்த்தங்களும் வந்து கூடுகின்றன என்பது நம்பிக்கை.

ஏன் இந்த மூன்று மாதங்கள்? யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். கார்த்திகையில் பாதை சேறும் வெள்ளமுமாக இருக்கும். சித்திரையில் வெயில் கொளுத்தும், ஓடை வற்றிவிடும். தையிலிருந்து பங்குனி வரைதான் பாதை காய்ந்திருக்கும், சுனையிலும் தண்ணீர் இருக்கும். பௌர்ணமி என்றால் திரும்பி வர நேரமானாலும் நிலா வெளிச்சம் உண்டு. மின்விளக்கு இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி!

மூன்றிலும் தும்புரு தீர்த்தம் தனி அழகு. திருமலையிலிருந்து பாபவிநாசம் வரை பஸ் போகும். அதற்கு மேல் நடைதான். ஏற்றம், இறக்கம், பாறை, ஓடை என்று பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். கடைசியில் ஒரு மலையே இரண்டாகப் பிளந்தது போல் நிற்கும். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. நடுவே குறுகிய வழி. அந்த வழியில் தண்ணீர் ஓடும். தண்ணீருக்குள் இறங்கித்தான் உள்ளே போக முடியும்.

தும்புரு என்பவர் தேவலோகத்துப் பாடகர். அவர் இங்கே தவம் செய்தார் என்பது புராணக் கதை. இன்னொரு செய்தியும் உண்டு. இது கதை இல்லை, வாழ்ந்த ஒரு பெண்ணின் வரலாறு. தரிகொண்டா என்ற ஊர் பழைய சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கே 18-ஆம் நூற்றாண்டில் வெங்கமாம்பா என்ற பெண் பிறந்தார். சிறு வயதிலேயே திருமணம் ஆகி, கணவரை இழந்தார். தாலி அறுக்க வேண்டும், மொட்டை அடிக்க வேண்டும் என்று ஊரார் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். திருமலைக்கு வந்தார். தெலுங்கில் பல நூல்கள் எழுதினார். தும்புரு தீர்த்தத்துக் குகையில் பல காலம் தனியாக இருந்தார் என்று சொல்கிறார்கள். இன்று திருமலையில் தினமும் ஆயிரக்கணக்கான மக்கள் சாப்பிடும் அன்னதானக் கூடத்துக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

முக்கோடிக்குப் போகிறவர்கள் கையில் கட்டுச்சோறு எடுத்துப் போவார்கள். புளிச்சோறு இரண்டு வேளை தாங்கும். வறுத்த வேர்க்கடலை பசிக்கு நல்லது. வழியில் தேவஸ்தானமும் உணவு, மோர் கொடுப்பது உண்டு. ஆனால் எல்லோரையும் காட்டுக்குள் விடுவதில்லை. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் வர வேண்டாம் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். எத்தனை மணி வரை அனுமதி என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்ற நாட்களில் இந்தக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம்.

பிள்ளையை நடுவில் விடுங்கள்

பலர் வேண்டுதலுக்காகத் திருமலைக்கு நடந்தே ஏறுவார்கள். அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். ஸ்ரீவாரி மெட்டில் சுமார் 2,400 படிகள். இரண்டும் காட்டு வழிதான். மேலே கூரை போட்டிருப்பதால் அது காடு என்பதே பலருக்கு மறந்துபோகிறது.

2023 ஜூன் மாதம் இரவு நேரத்தில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்வியது. மக்கள் கூச்சல் போட்டுத் துரத்தினார்கள். சிறுத்தை பிள்ளையை விட்டு ஓடியது. பிள்ளை பிழைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி இரவு, பெற்றோருடன் நடந்து வந்த ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. மறுநாள் காலையில்தான் உடல் கிடைத்தது.

சிறுத்தை பொழுது சாய்ந்த பிறகு வேட்டைக்கு வரும். ஆள் உயரத்துக்கு நிற்பவரைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போகும். குள்ளமாக இருப்பதை, தனியாக இருப்பதைப் பார்த்துப் பாயும். சின்னப் பிள்ளை அதன் கண்ணுக்கு ஆட்டுக்குட்டி போலத்தான். இன்னொரு காரணம் நாம் வீசும் சோறு. மிச்சச் சோற்றுக்கு நாயும் பன்றியும் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும். மானுக்குப் பழத்துண்டு கொடுப்பதும் இதே வேலைதான். மானைப் பாதைக்கு அழைத்தால் சிறுத்தையையும் அழைத்ததாகும்.

அதன் பிறகு சிறு பிள்ளைகளுடன் வருகிறவர்களைப் பிற்பகலுக்கு மேல் ஏற விடுவதில்லை என்று விதி வந்தது. கூட்டமாகப் போகச் சொன்னார்கள். பக்தர்களுக்குத் தடி கொடுத்தார்கள். விதி இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளை. ஓட்டப் பந்தயம் வைத்துப் பிள்ளையை முன்னால் ஓட விடக் கூடாது.

காட்டிலிருந்து ஒரு குச்சிகூட எடுத்து வர வேண்டாம். இந்த மலையில்தான் செம்மரம் வளர்கிறது. உலகில் வேறு இடங்களில் அது இயற்கையாக வளர்வது மிக அரிது. கள்ளத்தனமாக வெட்டி விற்கும் கும்பல்கள் உண்டு. அவர்கள் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களில் கூலிக்கு ஆள் பிடிப்பார்கள். 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி இந்தக் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். மரம் வெட்ட வந்து தாக்கினார்கள் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றார்கள் இறந்தவர்களின் குடும்பத்தார். எது எப்படியோ, ஆளை அனுப்பிய முதலாளி யாரும் அந்த 20 பேரில் இல்லை. “ஆந்திராவில் வேலை, நாளுக்கு நல்ல கூலி” என்று முன்பின் தெரியாதவர் கூப்பிட்டால், என்ன வேலை, எந்த ஊர் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் போக வேண்டாம்.

கோடை

பங்குனி முடிந்தால் காடு காய்ந்துவிடும். ஒரு பீடித் துண்டு போதும். 2014 மார்ச்சில் திருமலைக் காடு பற்றி எரிந்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. அதனால் கோடையில் மலைப் பயணம் குறையும். கொண்டாட்டம் ஊருக்குள் வரும்.

மே மாதத்தில் திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. ஒரு வாரம் நடக்கும். ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்து, வேஷம் போட்டு வருவார்கள். பெண்களைக் கொடுமை செய்த ஒரு பாளையக்காரனை அம்மன் வேஷம் போட்டு வந்து அழித்தாள் என்பது கதை. கங்கம்மா ஏழுமலையானுக்குத் தங்கை. ஆகவே மலையிலிருந்து பிறந்த வீட்டுச் சீர் வரும்.

குளிர்ச்சி வேண்டுபவர்கள் மதனப்பள்ளி அருகே உள்ள ஹார்ஸ்லி மலைக்குப் போவார்கள். அது 4,000 அடிக்கு மேல் உயரம். வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவரின் பெயர் அது. அவர் வருவதற்கு முன் அதன் பெயர் ஏனுகு மல்லம்மா கொண்டா. ஏனுகு என்றால் யானை. மல்லம்மா என்ற சிறுமியை யானைகள் வளர்த்தன என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். பழைய பெயர்தான் நன்றாக இருக்கிறது.

ஆந்திரப் பெண்களுக்கு 2025 ஆகஸ்டு 15 முதல் பல அரசு பஸ்களில் டிக்கெட் கட்டணம் இல்லை. ஆதார் அட்டை போன்ற அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும். எந்த பஸ், எந்த வழி என்று ஏறும் முன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நிலம் உள்ள குடும்பங்களுக்குக் கோடையில் வெளியே போக நேரமே இருக்காது. சித்தூர்ப் பக்கம் எங்கு பார்த்தாலும் மாந்தோப்பு. கிளிமூக்கு மாங்காய்தான் அதிகம். அதைத் தோத்தாபுரி என்பார்கள். பறித்து, தரம் பிரித்து, வண்டியில் ஏற்றி, கூழ் எடுக்கும் ஆலை வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். 2025-ல் விளைச்சல் அதிகமாகி விலை சரிந்தது. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் கிடைக்க வேண்டும் என்று அரசு சொன்னது. பறிப்பு முடிவதற்குள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.